அரை கட்டை: ஒரு கரோக்கிக் குரலின் 14 வாரங்கள்

அவர் முதன்முதலில் என் வீட்டுப் பாட்டு வகுப்புக்கு வந்தது அக்டோபர் முதல் வாரத்தில், ஒரு திங்கட்கிழமை மாலை. வாசலில் நின்று பெயரைச் சொன்னார், காதில் விழவில்லை. இரண்டாவது முறை சொன்னபோது பாதிதான் குரல், மீதி காற்று. அதற்கு முந்தைய சனிக்கிழமை இரவு, தங்கள் குடியிருப்பின் ஹாலில் நடந்த கரோக்கியில் நான்கு பாட்டுப் பாடியிருக்கிறார். இரண்டு நாள் ஆகியும் தொண்டை திறக்கவில்லை.

வயது 52. கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். லாரி ஓட்டுநர்களிடமும் சுமை ஏற்றுபவர்களிடமும் நாள் முழுவதும் இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திப் பேச வேண்டிய வேலை. சங்கீதம் கற்றதில்லை. ஆனால் காது இருந்தது. தன் குரல் பாட்டோடு ஒட்டாமல் போகிற இடம் அவருக்கே தெரிந்திருந்தது. அதுதான் அவரை என்னிடம் அனுப்பியது.

“டீச்சர், பொங்கல் விழாவில் மூன்று பாட்டுப் பாட வேண்டும். மூன்றாவது பாட்டில் மானம் போகக் கூடாது. அவ்வளவுதான்.”

பொங்கலுக்கு 14 வாரங்கள் இருந்தன. வாரம் இரண்டு வகுப்பு என்று முடிவாயிற்று. எனக்கு முன்பு வாய்த்த பெரியவர்களில் பாதிப் பேர் ஒரு கீர்த்தனையாவது கற்றுவிட வேண்டும் என்று வருவார்கள், அதற்கு முந்தைய பாடமான வர்ணத்துக்கு முன்பே காணாமல் போவார்கள். இவர் கேட்டது மிகச் சிறிய விஷயம். அதனாலேயே இதைப் பதிவு செய்து வைத்தேன். அவர் அனுமதியோடு எழுதுகிறேன், பெயர் வேண்டாம். மாலை வகுப்புக் குழந்தைகள் அவருக்கு ‘டெஸ்பாட்ச் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதுவே இருக்கட்டும்.

முதல் பதிவு

தொண்டை தெளிந்த பிறகு, வியாழக்கிழமை, தன் பாட்டைப் பாடச் சொன்னேன். டி.எம். சௌந்தரராஜன் பாடிய பாட்டு ஒன்று. கரோக்கி டிராக்கும் சௌந்தரராஜன் பாடிய அதே சுருதியில், ஒன்றரை கட்டையில் (ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சுருதியைச் சொல்லும் கணக்கு). என் ஃபோனில் பதிவு செய்தேன்.

பல்லவி நன்றாகவே இருந்தது. அனுபல்லவியில் தாடை முன்னால் வந்தது. சரணத்தில் பாட்டு மேல் ஸ்தாயி மத்யமத்தை, மேல் ‘ச’வையும் தாண்டிய ‘ம’வை, தொடும் இடத்தில், கழுத்தின் இரு பக்கமும் நரம்பு புடைக்க, தோள்கள் காது வரை ஏற, அந்த ஸ்வரத்துக்குக் கீழே எங்கோ ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு பலத்தால் தாங்கினார். கேட்கிறவருக்குத் தாகம் எடுக்கும் பாட்டு அது. இரண்டாம் சரணத்தில் குரல் உடைந்தது.

பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, சுருதி காட்டும் செயலியை முன்னால் வைத்து அவருடைய எல்லையை அளந்தேன். கீழே, தெளிவாக நிற்கும் கடைசி ஸ்வரம் நொடிக்கு 98 அதிர்வு. மேலே, கழுத்து இறுகாமல் நிற்பது 294. ஒன்றரை ஸ்தாயி (ஒரு ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’ வரை ஒரு ஸ்தாயி). பயிற்சியே இல்லாத குரலுக்கு இது குறைவே இல்லை. பிரச்சினை வேறு: சரணத்தில் அவர் எட்ட முயன்ற மத்யமம் 370இல் இருந்தது. அவருடைய கூரைக்கு மேலே நான்கு ஸ்வரஸ்தானம், அதாவது ஸ்வரங்களின் ஏணியில் நான்கு படி.

நான்கு என்பது சின்ன எண்ணாகத் தோன்றும். ஸ்தாயிக்கு மொத்தமே 12 ஸ்தானங்கள்தான். மூன்றில் ஒரு பங்கு ஸ்தாயியை அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் தொண்டையால் எம்பி எம்பிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எத்தனை கட்டை, சார்?

என் அப்பா ஒரு மெல்லிசைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். திருமண வீட்டில் மாப்பிள்ளையின் மாமாவோ பெண்ணின் சித்தப்பாவோ ஆசைப்பட்டு மேடை ஏறினால், அப்பா முதலில் கேட்பது “என்ன பாட்டு?” என்றல்ல. “எத்தனை கட்டை, சார்?” என்பார். வெள்ளைக் கட்டைகளுக்கு முழு எண், கறுப்புக்கு அரை: ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று போகும் கணக்கு. வந்தவருக்குப் பெரும்பாலும் தெரியாது. “சும்மா நான்கு வார்த்தை பேசுங்கள்” என்பார் அப்பா. பேச்சைக் கேட்டுவிட்டு ஒரு கட்டையைத் தொட்டுக் காட்டுவார். மாமா அன்றைக்கு மட்டும் பாடகராகிவிடுவார். சினிமாவில் பாடிய சுருதியில் வாசிக்க வேண்டும் என்ற எண்ணமே குழுவில் யாருக்கும் வந்ததில்லை.

கரோக்கி அந்த ஆர்மோனியக்காரரை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. டிராக் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அது சௌந்தரராஜனுக்காகப் போட்ட சுருதியில் ஓடுகிறது. நீங்கள் பின்னால் ஓட வேண்டும்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானின் கோபே நகரத்து மதுக்கூடங்களில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவர் டைசுகே இனோவே. வாடிக்கையாளர் எப்படிப் பாடினாலும் அவரைப் பின்தொடர்ந்து வாசிப்பதில் பேர் வாங்கியவர். ஒரு சிறிய நிறுவனத்தின் முதலாளி, ஊழியர்களோடு போகும் வெந்நீர் ஊற்றுப் பயணத்துக்கு இவரை அழைத்தார். இவரால் போக முடியவில்லை. அந்த மனிதருக்குத் தோதாக வாசித்துப் பதிவு செய்த நாடாவைக் கொடுத்தனுப்பினார். அதிலிருந்து பிறந்த யோசனையை 1971இல் காசு போட்டால் ஓடும் பெட்டியாக்கினார். முதலில் செய்தது 11 பெட்டிகள். காப்புரிமை வாங்கவில்லை, 2004இல் வேடிக்கையான இக் நோபெல் பரிசு மட்டும் கிடைத்தது. இனோவேயின் கரோக்கி தொடங்கியதே ஒருவருடைய குரலுக்குத் தோதாகப் பாட்டைத் தைத்துக் கொடுத்த இடத்தில்தான். பிறகு தையற்காரர் போய்விட்டார், ஆயத்த ஆடை வந்துவிட்டது.

ஆனால் நான் இதை உடனே அவருக்குச் சொல்லவில்லை. அங்கேதான் தவறினேன்.

என் தவறு

குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் வழியிலேயே இவரையும் தொடங்கினேன். விடிகாலை எழுந்து, ஒரு கட்டை சுருதியில் ‘ஆ’ என்று நீட்டிப் பாடும் அகார சாதகம். மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற முதல் பாடம், மூன்று வேகத்தில். வாயைத் திறந்து, முழுக் குரலில். எனக்கு என் குரு தந்தது இது. அவருக்கு அவருடைய குரு. பத்து வயதில் தொடங்கி, நாளும் ஒருவர் எதிரே உட்கார்ந்து திருத்தினால் அது குரலைக் கட்டும். எட்டு மணி நேரம் இரைச்சலில் கத்தும் 52 வயதுத் தொண்டையை, மேற்பார்வை இல்லாமல், ஐந்து மணிக்கு எழுப்பி முழு வீச்சில் ‘ஆ’ சொல்ல வைத்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

அவர் கடமை தவறாதவர். மொட்டைமாடியில் 40 நிமிடம் செய்திருக்கிறார். மூன்றாவது வாரம் சனிக்கிழமை கரோக்கிக்குப் போகாமலே குரல் கட்டிக்கொண்டது.

தொண்டைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு பட்டியலே வந்தது. இரவில் பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பால். காலையில் இஞ்சிச் சாறு. பகல் முழுவதும் கன்னத்தில் ஒரு துண்டு அதிமதுரம்; ஒரு மாதமாக ஊறிக்கொண்டிருந்தது. “உங்களுக்கு ரத்தக்கொதிப்பு உண்டா?” என்றேன். ஆறு ஆண்டுகளாக மாத்திரை எடுக்கிறாராம். அதிமதுரம் தொடர்ந்து உள்ளே போனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். அன்றே துப்ப வைத்தேன். ஒன்று சொல்ல வேண்டும்: பாலும் கற்கண்டும் இதமானவைதாம், குற்றமில்லை. ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல்நாண்களைத் தொடுவதில்லை. தொட்டால் புரையேறிவிடும். தண்ணீர் குடிப்பதன் பலனும் சுற்றுவழியாக, உடம்பு முழுவதும் நனைந்த பிறகே அங்கே போய்ச் சேரும். மேடை ஏறும் முன் குடிக்கும் ஒரு மடக்கு, நாக்குக்கும் மனத்துக்கும்தான்.

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. இவருக்கு விட்டுவிட்டு வந்ததால் நாங்கள் இருவருமே நாள் கடத்தியிருந்தோம். இனி அவர் பார்க்காமல் வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்திருக்கிறார்கள். நாண்களின் ஓரத்தில் லேசான வீக்கம். முடிச்சோ கட்டியோ இல்லை. பின்பக்கம் சிவந்திருந்தது, இரவு பத்தரை மணிக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுக்கும் பழக்கத்தால் அமிலம் மேலேறியிருக்கலாம் என்றார் மருத்துவர். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு. ஒரு வாரம் குறைந்த பேச்சு. கிசுகிசுத்துப் பேசலாமா என்று இவர் கேட்டிருக்கிறார். அதுவும் வேண்டாம், பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கும் என்றாராம். தொழிற்சாலையில் கத்துவதற்குப் பதிலாக ஒரு விசில் வாங்கிக்கொண்டார். லாரிக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று கேள்வி.

டம்ளரும் ஸ்ட்ராவும்

அந்த மருத்துவமனையில் இருந்த பேச்சுப் பயிற்சியாளர் ஒரு பயிற்சி கொடுத்தனுப்பினார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது என் எல்லா வகுப்பும் அதில்தான் தொடங்குகிறது.

ஒரு டம்ளரில் பாதிக்குத் தண்ணீர். இளநீர்க் கடையில் தரும் அகல ஸ்ட்ரா. அதன் நுனி தண்ணீருக்குள் இரண்டு விரல்கடை மூழ்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். உதடுகள் ஸ்ட்ராவைச் சுற்றி மூட வேண்டும்; மூக்கு வழியாகக் காற்று போகக் கூடாது. இப்போது ‘ஊ’ என்று மெல்லக் குரல் கொடுக்க வேண்டும். குமிழிகள் கொப்பளிக்கும், கன்னம் அதிரும், ஒரு தூரத்து மோட்டார் ஓடுவது போலச் சத்தம் வரும். அப்படியே கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். குமிழி சீராக வந்தால் மூச்சு சீராக இருக்கிறது. திடீரென்று கொப்பளித்துத் தண்ணீர் மேசையில் சிந்தினால் தள்ளுகிறீர்கள் என்று பொருள். குமிழி நின்றுபோனால் தொண்டை அடைத்துக்கொண்டது.

எனக்குப் பிடித்தது அந்தத் தண்ணீர்தான். ஆசிரியர் ‘இறுக்காதே, தள்ளாதே’ என்று ஆயிரம் முறை சொல்வதை அது சிந்திக் காட்டிவிடுகிறது.

காரணம் இது: வாயின் முன்பக்கம் பாதி அடைபடும்போது உள்ளே காற்றழுத்தம் திரும்பி வந்து நாண்களை லேசாக விலக்கி வைக்கிறது. அதிர்வு நடக்கும், மோதல் மென்மையாகும். ஃபின்லாந்தில் அன்ட்டி சோவியார்வி என்பவர் 1960களிலேயே கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் விட்டு இந்த வழியைக் கையாண்டார். மெல்லிய ஸ்ட்ராவை உலகம் முழுவதும் பாடகர்களிடம் கொண்டுசென்றவர் அமெரிக்கக் குரல் ஆய்வாளர் இங்கோ டிட்சே. உதடுகளை ‘ப்ர்ர்ர்’ என்று அதிரவிட்டுப் பாடுவதும் இதே குடும்பம்தான். குழந்தைகள் பஸ் ஓட்டும்போது செய்வது.

காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம். சாதகம் என்று வேறு எதுவும் ஒரு மாதத்துக்கு வேண்டாம் என்றேன்.

டிராக்கைக் குறைத்த நாள்

ஆறாவது வாரம்தான் நான் அப்பாவின் கேள்விக்கு வந்தேன். கரோக்கிச் செயலியில் டிராக்கின் சுருதியை ஒவ்வொரு ஸ்தானமாக இறக்கும் பொத்தான் இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்று நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நான்கு ஸ்தானம் இறக்கினால் உச்சத்து மத்யமம் சரியாக அவர் கூரையில் வந்து நிற்கும். ஆனால் அதே பாட்டு கீழே மந்தர ஸ்தாயி தைவதத்துக்கும், கீழ் ‘த’வுக்கும், இறங்குகிறது. நான்கு இறக்கினால் அது அவருடைய தரைக்குக் கீழே போய், வெறும் காற்றாகிவிடும். மூன்று இறக்கினால் அடி ஸ்வரம் சரியாக 98இல், அவர் தரையில் நிற்கும். உச்சம் அவர் கூரைக்கு ஒரே ஒரு ஸ்தானம் மேலே. மூன்று என்று முடிவு. ஒன்றரை கட்டையிலிருந்து கீழே இறங்கி, அதற்கு முந்தைய ஸ்தாயியின் ஆறரைக்கு வந்தோம். டிராக்கை இதற்கு மேலும் அதிகமாக இறக்கினால் வயலினெல்லாம் சளி பிடித்தது போல ஒலிக்கத் தொடங்கும். அது வேறு தொல்லை.

பாடச் சொன்னேன். பாடினார். தாடை இருந்த இடத்தில் இருந்தது. சரணத்தில் மட்டும் லேசாக எட்டிப் பிடித்தார், பிடித்தும்விட்டார்.

பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தேன். அவர் முகம் வாடியிருந்தது.

“சௌந்தரராஜன் மாதிரி இல்லையே, டீச்சர்.”

இந்தக் கட்டம் எல்லாருக்கும் வரும். நாம் கரோக்கிக்குப் போவது நம் குரலைக் கேட்க அல்ல. இன்னொருவர் குரலுக்குள் மூன்றரை நிமிடம் குடியிருக்க. சௌந்தரராஜனின் மேல் ஸ்தாயி நெஞ்சைத் திறந்து எறிவது போல இருக்கும்; அந்தப் பளிச்சென்ற உச்சம்தான் அந்தப் பாட்டின் வீரம். அதை இறக்கினால் வீரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இல்லை என்று நான் பொய் சொல்லவில்லை. ஆனால் இவர் குரல் வேறு மண். கீழே அடர்த்தி, நடுவில் இளஞ்சூடு. பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடிய மென்மையான பாட்டு ஒன்றைப் போட்டேன். மைக்குக்குப் பக்கத்தில் ஒருவரிடம் மட்டும் பேசுவது போலப் பாடும் பாட்டு. ஒரே ஒரு ஸ்தானம் இறக்கினால் போதுமாக இருந்தது. அடுத்த அறையில் எழுதிக்கொண்டிருந்த குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள். அது அவருக்கு நான் சொன்ன எதையும்விட அதிகம் வேலை செய்தது.

காத் திருந்தேன்

மூச்சைப் பற்றி நிறையப் புராணம் உண்டு. ‘வயிற்றிலிருந்து பாடு’ என்பார்கள். வயிற்றில் குரல் இல்லை. நான் சொல்லிக்கொடுத்தது இரண்டு: மூச்செடுக்கும்போது தோள் ஏறாமல் விலா பக்கவாட்டில் விரிய வேண்டும், பாடும்போது அந்த விரிவு உடனே சரிந்துவிடக் கூடாது. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, விலாவில் கை வைத்துப் பழகினார். பத்து நாளில் பிடிபட்டது.

எங்கே மூச்செடுப்பது என்பதுதான் பிடிபடவில்லை. டிராக் நிற்காமல் ஓடுகிறது என்ற பயத்தில், காற்று தீர்ந்த இடத்தில் அவர் மூச்செடுப்பார். அது சொல்லின் நடுவாக இருந்தாலும் சரி. ஒரு பாட்டில் ‘காத்திருந்தேன்’ என்ற சொல்லை ‘காத்’ என்று நிறுத்தி, மூச்செடுத்து, ‘திருந்தேன்’ என்று முடித்தார். காதலிக்காகக் காத்திருக்க வேண்டியவர், இனித் திருந்தவே மாட்டேன் என்று சபதம் போட்டுக்கொண்டிருந்தார். பதிவைப் போட்டுக் காட்டினேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அன்று முதல் பாட்டு வரிகளைத் தாளில் எழுதி, மூச்செடுக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. திரையில் ஓடும் எழுத்தைப் பார்த்துப் பாடுகிறவர்களுக்கு இந்தக் கோடு கிடைப்பதில்லை. எழுத்து நிறம் மாறும் வேகத்தைத் துரத்துவதிலேயே மூச்சு போய்விடுகிறது.

உச்சத்துக்கு இன்னொரு சிறு தந்திரம். அந்த மத்யமத்தில் இருந்த எழுத்து ஈகாரம். நாக்கு மேலே ஏறி, வாய் குறுகி, ஏற்கெனவே சிரமமான ஸ்வரத்தின் கழுத்தை நெரிக்கும் உயிரெழுத்து. தாடையை ஒரு நூலளவு தளர்த்தி, ஈகாரத்தில் கொஞ்சம் ஏகாரத்தின் சாயல் சேர்த்துப் பாடச் சொன்னேன். கேட்பவர் காதில் அது ஈகாரமாகவே விழும். பாடுகிறவருக்குக் கதவு திறந்தது போல இருக்கும். அளவு தவறினால் சொல் கெட்டுவிடும். ஒரு வாரம் அதிலேயே போயிற்று.

ஹாலுக்குப் போனோம்

பத்தாவது வாரம் அவர்கள் குடியிருப்பின் கரோக்கிக்கு நானே போய் உட்கார்ந்தேன். முன்பே போயிருக்க வேண்டும்.

தரையெல்லாம் டைல்ஸ், மூன்று பக்கம் கண்ணாடி. 40 பேர், பக்கத்தில் பஜ்ஜி. டிராக்கின் ஒலி உச்சத்தில். பாடுகிறவர் நிற்பது ஒலிபெருக்கிக்குப் பின்னால். தன் குரல் அவருக்குக் கேட்கவே கேட்காது. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான் என்று எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதினார். அதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், இந்த ஹால் போதும். என் வகுப்பில் மெல்லப் பாடிய மனிதர் இங்கே பழையபடி கத்தினார்.

போதாக்குறைக்கு, அந்த ஒலிபெருக்கி மிக்சரோடு புளூடூத் வழியாக இணைந்திருந்தது. புளூடூத்தில் ஒலி போய்ச் சேர ஒரு தாமதம் உண்டு. நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் ஐந்தில் ஒரு பங்கு. படம் பார்க்கும்போது தெரியாது. பாடும்போது, நாம் சொல்லி முடித்த எழுத்து அப்போதுதான் எதிரே வெளிவரும். அதற்காகக் காத்திருந்து காத்திருந்து பாட்டு தாளத்தை விட்டு விலகும். ‘அவருக்குத் தாளம் நிற்காது’ என்று அங்கே சிலர் பெயர் எடுத்திருந்தார்கள். பாவம், அவர்களில் பாதிப் பேருடைய தாளம் அந்தப் பெட்டியில் மாட்டியிருந்தது. ஒரு சாதாரண ஒயர் வாங்கிச் சொருகியதும் மாலையே மாறிவிட்டது. 14 வாரத்தில் செலவுக்கு ஏற்ற பலன் எதில் அதிகம் என்று கேட்டால் அந்த ஒயரைத்தான் சொல்வேன்.

அடுத்து மைக். அதன் வலைத்தலையைக் கைக்குள் பொத்திப் பிடிப்பது வீரமாகத் தெரியும். குரல் குடத்துக்குள் இருந்து வருவது போலாகி, கீச்சென்ற ஊளையும் கிளம்பும். கைப்பிடியில் பிடித்து, வாயிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை தள்ளி, நேராக அல்லாமல் சற்றுச் சாய்வாக. அப்போதுதான் ‘ப’ வெடிக்காது. மெல்லிய வரிக்கு அருகே, உச்சத்துக்குச் சற்றுத் தள்ளி. அருகே போகப் போக அடிக்குரல் தடிக்கும்; ஸ்ரீனிவாஸ் பாட்டுக்கு அது வரம். குரல் கேட்காத நேரத்தில் கத்துவதற்குப் பதிலாக ஒரு காதில் கை வைத்துக்கொள்ளச் சொன்னேன். கிராமத்துப் பாட்டுக்காரர்கள் செய்வது அது. சும்மா பாவனைக்காகச் செய்வதல்ல.

ஜோடிப் பாட்டு

இன்னொரு பாட்டு மனைவியோடு. இங்கே கணக்கு சிக்கலாயிற்று.

சினிமா ஜோடிப் பாட்டில் இருவரும் ஒரே சுருதியில் பாடுகிறார்கள். ஆண் குரலும் பெண் குரலும் இயல்பில் அரை ஸ்தாயி அளவு தள்ளி நிற்பவை. கச்சேரியில் ஆண்கள் ஒன்று, ஒன்றரையில் பாடினால் பெண்கள் ஐந்து, ஐந்தரை என்று இருப்பது அதனால்தான். ஒரே சுருதி என்றால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். தேர்ந்த பின்னணிப் பாடகர்கள் அதை நமக்குத் தெரியாமல் செய்துவிடுகிறார்கள். இந்த வீட்டில் தெரிந்துவிட்டது: அவருக்காக மூன்று இறக்கினால் அந்த அம்மாளின் பகுதி கீழே போய் மறைந்தது.

“எனக்காகவா இவ்வளவு யோசனை? நான் பாடாவிட்டால் போகிறது” என்றார் அந்த அம்மாள். பாடச் சொல்லிக் கேட்டேன். வீட்டில் சுருதி சுத்தமான குரல் அவருடையதுதான். டெஸ்பாட்ச் சாருக்கு அது முப்பது வருடமாகத் தெரியும் என்றும், அதனால்தான் தன்னைப் பாட விடுவதில்லை என்றும் அந்த அம்மாள் என்னிடம் தனியாகச் சொன்னார்.

இரண்டு மட்டும் இறக்கினோம். இவருக்கு எட்டாத ஒரே வரியை அந்த அம்மாளுக்குக் கொடுத்தோம். இவருக்கு மொட்டைமாடியாக இருந்த ஸ்வரம் அவருக்கு வீட்டு முற்றம், சிரித்துக்கொண்டே பாடினார்.

பொங்கல் அன்று

மார்கழிப் பனி இருவரையும் பயமுறுத்தியது. கழுத்தில் மப்ளர், ஐந்தரைக்கே இரண்டு இட்லி, பஜ்ஜிப் பக்கம் போகவே இல்லை. கார் நிறுத்துமிடத்தில் டம்ளரும் ஸ்ட்ராவுமாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தவரைக் காவலாளி இருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஸ்ரீனிவாஸ் பாட்டு முதலில். குரல் சூடேற அதுதான் சரி. நன்றாக வந்தது. ஜோடிப் பாட்டில் கைதட்டல் அந்த அம்மாளின் வரிக்கு. இவர் அதை நல்லபடியாக எடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் சௌந்தரராஜன். முதல் சரணத்தில் உச்சம் நின்றது, தெளிவாக. இரண்டாம் சரணத்தில் எடுப்பை அரை தட்டு முந்திவிட்டார். நீண்ட ஸ்வரங்களின் கடைசியில் சுருதி இன்னும் லேசாக வழிகிறது. அதெல்லாம் 14 வாரத்தில் போகாது. மறுநாள் காலை ஃபோனில் கூப்பிட்டார். “கேட்கிறதா, டீச்சர்?” என்றார். முழுக் குரல்.

தை மூன்றாம் வாரத்தில் மறுபடி அளந்தேன். கீழே அதே 98. மேலே, இறுகாமல் நிற்பது 311. ஒரு ஸ்தானம், எங்கள் பேச்சில் அரை கட்டை. அவர் எட்ட வேண்டியிருந்த நான்கு ஸ்தானத்தில் மூன்றைப் பொத்தானை அழுத்தி எடுத்தோம். ஒன்றுக்குத்தான் பயிற்சி, ஸ்ட்ரா, மருத்துவர், விசில், முன்னிரவு இட்லி எல்லாம். அந்த ஒன்றும் இல்லாவிட்டால் மூன்றாவது பாட்டில் உடைந்திருப்பார் என்பது வேறு.

அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தார். வாசலில் நின்று ஏதோ சொன்னார். பாதி குரல், பாதி காற்று.

நான் கேட்கும் முன்பே கையை உயர்த்தினார். ஞாயிற்றுக்கிழமை பல்லடம் போகும்போது காரில் தனியாக இருந்தாராம், கண்ணாடியை ஏற்றிவிட்டாராம், டிராக் ஒன்றரை கட்டையில். “ஒரே ஒரு தடவைதான், டீச்சர்.”

உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன்.